மாடிப்படியிலிருந்து கேமரன் மலைக்கு: சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஒரு மலைநடை வழிகாட்டி

நம் நாட்டின் ஆக உயரமான இயற்கை மேடு புக்கிட் தீமா. உயரம் 163.63 மீட்டர். ராஃபிள்ஸ் பிளேஸில் வரிசை கட்டி நிற்கும் அலுவலகக் கோபுரங்கள் பல அதைக் குனிந்துதான் பார்க்கும். மின்தூக்கியும் நகரும் படிகளுமாக வளர்ந்த கால்கள் நிஜ மலைக்குப் போனால் என்ன ஆகும்? சில ஆண்டுகளுக்கு முன்பு மலேசியாவின் கேமரன் மலையில் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. மூச்சு வாங்கியது, நின்றேன், மறுபடி நடந்தேன். உச்சியில் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கூத்து அதற்குப் பிறகுதான். இறங்கத் தொடங்கி அரை மணி நேரத்தில் தொடை தந்தியடித்தது. ஒவ்வொரு வேருக்கும் உட்கார்ந்து, கையை ஊன்றி, குழந்தை மாடிப்படி இறங்குவதுபோல் இறங்கினேன். ஏறியதைவிட இறங்க அதிக நேரம் பிடித்தது. காட்டுக்குள் இருட்டிவிட்டது. கையில் இருந்தது கைபேசி வெளிச்சம் மட்டும், அதிலும் மின்கலம் பதினொரு விழுக்காடு.

மலையேற்றம் என்று பெயர் வைத்தவர் இறங்கிப் பார்த்திருக்க மாட்டார். இந்த வழிகாட்டி முழுவதும் இறக்கத்தை மனத்தில் வைத்து எழுதியது. சமதரையில் ஒரு மணி நேரம் சிரமமில்லாமல் நடக்கக்கூடியவர்களுக்கு எட்டு வாரம் போதும். இதய நோய், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கினபாலு மலைக்குப் போகிறவர்களுக்கு இது போதாது. 4,095 மீட்டரில் காற்று மெலிதாகிவிடும், அது வேறு பாடம்.

தட்டையான தீவிலிருந்து மலைக்கா என்று சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1998 மே 25 அன்று சிங்கப்பூர்க் குழுவினர் இருவர் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே 23 அன்று மலேசியாவிலிருந்து முதன்முதலில் அங்கே ஏறியவர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாசும். நம்மவர்கள்தான்.

முதல் படி: உங்கள் புளோக்கின் மாடிப்படி

ஒரு தளத்துக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் கீழிருந்து மேல்வரை 11 தளம், சுமார் 30 மீட்டர். கேமரன் மலையின் தானா ராத்தா ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து குனோங் ஜாசார் (குனோங் என்றால் மலாயில் மலை) உச்சி 250 மீட்டர் மேலே. ஆக, உங்கள் புளோக்கை எட்டு ஒன்பது முறை ஏறி இறங்கினால் கணக்கில் ஒரு ஜாசார். பத்துமலையின் 272 படியை நின்று நின்று ஏறியவருக்குக்கூட இது எட்டாத கணக்கல்ல.

இங்கே எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. வியர்க்க வியர்க்க மேலே ஏறிவிட்டு மின்தூக்கியில் கீழே வருவார்கள். நானும் அப்படித்தான் பழகினேன். ஏறும்போது தொடைத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை பிடித்துக்கொள்வது இந்த இரண்டாவது வேலையால்தான். நல்ல சேதி என்னவென்றால், ஒருமுறை இந்த வலியைக் கண்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவாக நோகாது. அதனால் மின்தூக்கியை மறந்துவிட்டு நடந்தே இறங்குங்கள், அதுவும் மெதுவாக, முட்டியைச் சற்று மடக்கியபடி, பாதம் தொப்பென்று விழாமல்.

வாரம் இரண்டு நாள், நான்கு சுற்றில் ஆரம்பித்து வாரத்துக்கு ஒன்று கூட்டுங்கள். நான்காம் வாரத்திலிருந்து முதுகுப்பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி இரண்டு. படிக்கட்டில் காலணி அடுக்கும் பூந்தொட்டியும் இருக்கும், சிகரெட் வாடையும் வரும். இரவு பத்துக்கு மேல் போகாதீர்கள். என் புளோக்கில் ஆறாம் மாடி ஆன்ட்டி, நான் மூன்றாவது முறை கடந்தபோது மின்தூக்கி கெட்டுவிட்டதா என்று கேட்டார். இப்போது அவரும் மாலையில் நான்கு மாடி நடக்கிறார்.

இரண்டாம் படி: வேரும் சேறும் பழக

மாடிப்படியின் குறை, எல்லாப் படியும் ஒரே உயரம். காட்டில் ஒரு படி கணுக்கால் அளவு, அடுத்தது முட்டி அளவு, மூன்றாவதில் வழுக்கும். அதற்குப் புக்கிட் தீமா. பியூட்டி வேர்ல்டு எம்ஆர்டியில் இறங்கி நடந்தால் நுழைவாயில். காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். உச்சிக்குப் போகும் தார்ச்சாலை செங்குத்தானது, ஆனால் அது வெறும் நெஞ்சுப் பயிற்சி. ஏறுவதற்குச் சாலையும் இறங்குவதற்குக் காட்டுப் பாதையுமாக வைத்துக்கொள்ளுங்கள். டெய்ரி ஃபார்ம் பக்கம் இறங்கிவிட்டு மறுபடி ஏறி வந்தால் ஒரு காலைப்பொழுதுக்குச் சரியாக இருக்கும். 1854-இல் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் இந்தச் சரிவுகளில்தான் வண்டு பிடித்துக்கொண்டு திரிந்தார். இன்றும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் பூச்சிகள் நிகழ்ச்சி நடத்தும்.

குரங்குகள் விஷயத்தில் மட்டும் கவனம். பிளாஸ்டிக் பை சரசரத்தால் அது அவற்றுக்குச் சாப்பாட்டு மணி. எல்லாம் முதுகுப்பைக்குள் போகட்டும், கையில் எதுவும் தொங்க வேண்டாம். உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம், முதல்முறையே 5,000 வெள்ளி வரை அபராதம்.

தூரம் பழக மெக்ரிட்சி நீர்த்தேக்கம். முழுச் சுற்று சுமார் 11 கிலோமீட்டர், பெரும்பாலும் மண் பாதை. நடுவில் 250 மீட்டர் நீளத் தொங்குபாலம், 2004-இல் திறந்தது. அது ஒருவழிப்பாதை, பொது விடுமுறை அல்லாத திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். தெரியாமல் போய் ஏமாந்தவர்கள் பட்டியலில் நானும் உண்டு. ஆறாம் வாரத்தில் மலைக்கு எடுத்துப்போகும் அதே பை, அதே காலணி, அதே காலுறையோடு இந்தச் சுற்றை முடியுங்கள். எங்கே உரசுகிறது, எங்கே கொப்புளம் வருகிறது என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிட வேண்டும்.

மவுண்ட் ஃபேபரிலிருந்து ஹெண்டர்சன் வேவ்ஸ் வழியாகப் போகும் சதர்ன் ரிட்ஜஸ் அழகான பாதை. மாமியாரை அழைத்துப் போகலாம். மலைக்குப் பயிற்சி ஆகாது.

பயிற்சியின்போது வானம் இடித்தால் நிறுத்திவிட வேண்டும். தேசிய சேவை செய்தவர்களுக்கு 'கேட் ஒன்' என்ற மின்னல் எச்சரிக்கைச் சொல்லே போதும். மற்றவர்கள் கிளம்பும் முன் வானிலைச் செயலியைப் பாருங்கள். திறந்த மேட்டில் குடை பிடித்து நிற்காதீர்கள்.

மூன்றாம் படி: காலணி

இதற்கு நான் அதிக இடம் ஒதுக்கக் காரணம் சொந்த அனுபவம். அலமாரியில் நான்கு ஆண்டு பெட்டியோடு வைத்திருந்த, இரண்டே முறை போட்ட மலைக்காலணியோடு ஜோகூரில் ஒரு குன்று ஏறினேன். பாதி வழியில் ஒரு காலின் அடிப்பாகம் நாக்கைப்போல் தொங்கியது. பத்து நிமிடத்தில் இன்னொன்றும் விழுந்தது. மச்சான் கொண்டு வந்திருந்த துணிகாயும் கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கினேன். சர்க்கஸ் பார்ப்பதுபோல் எதிரே வந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் முழுவதும் என் காலைப் பார்த்தது.

காரணம் நம் ஊர்க் காற்று. பல மலைக்காலணிகளின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்ற நுரையால் ஆனது. ஈரக்காற்றில் அது தானாகவே சிதைந்து தூளாகும். போடாமல் வைத்தால் பத்திரமாக இருக்கும் என்று நினைப்போம், ஆனால் மூடிய அலமாரிக்குள் ஈரத்தோடு கிடப்பதுதான் அதற்கு எமன். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே எடுத்து, அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், வளைத்துப் பாருங்கள். விரிசலோ மாவுபோல் உதிர்வதோ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். பசை போட்டு ஒட்டினால் மலையில் பல்லிளிக்கும்.

புதிதாக வாங்குபவர்கள் அரை அளவு பெரிதாக, மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். இறக்கத்தில் பெருவிரல் முன்பக்கம் முட்டக் கூடாது, முட்டினால் நகம் கறுத்துவிடும். கிளம்பும் முன் நகத்தையும் வெட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மலேசிய மலைகளில் வழிகாட்டிகள் பலரின் காலில் கறுப்பு ரப்பர் காலணி இருக்கும். 'அடிடாஸ் கம்போங்' என்று கிண்டலாகப் பெயர். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர்கள் போட்டது. விலை சில ரிங்கிட்தான். சேற்றில் அதன் பிடி விலையுயர்ந்த காலணிகளை வெட்கப்பட வைக்கும். ஆனால் பாதத்துக்கு மெத்தை கிடையாது, பழகாத காலுக்குக் கல் குத்தும். முதல் பயணத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நான்காம் படி: குனோங் லம்பாக்கில் ஒத்திகை

ஏழாம் வாரம் ஒரு ஞாயிறு குளுவாங் போய் வாருங்கள். குனோங் லம்பாக் 510 மீட்டர். ஜோகூர் பாருவிலிருந்து நெடுஞ்சாலையில் ஆயர் ஈத்தாம் வெளியேறினால் கிட்டத்தில். கீழ்ப்பகுதியில் படிகள், மேலே போகப் போக வேர்களையும் பாறைகளையும் பிடித்து ஏறும் இடங்கள். உள்ளூர்த் தாத்தாக்கள் ஒரு துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு உங்களைக் கடந்து போவார்கள். மனம் தளர வேண்டாம், அவர்களுக்கு அது தினசரி வேலை.

இங்கே செய்ய வேண்டிய வேலை ஒன்றே. ஏறிய நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதன்மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. அது குளிர்நாட்டுப் புல்வெளிக்கானது. வேரும் சேறும் நிறைந்த நம் பக்கத்துக் காட்டில் அதை இரண்டால் பெருக்கினால்தான் சரியாக வருகிறது. லம்பாக்கில் உங்கள் நேரம் அதையும் தாண்டினால், மூன்றால் பெருக்குங்கள். அவமானம் ஒன்றுமில்லை, அது உங்கள் கால் சொல்லும் கணக்கு. கேமரனில் இதை வைத்துத்தான் திட்டம் போடப் போகிறோம்.

முடித்ததும் குளுவாங் ரயில் நிலையக் காப்பிக்கடை. 1938 முதல் நடக்கிறது. கரியில் வாட்டிய ரொட்டியும் காயாவும் வெண்ணெயும்.

ஐந்தாம் படி: பையில் என்ன

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் வீதம், அதன்மேல் அரை லிட்டர் கையிருப்பு. உப்புச்சர்க்கரைப் பொட்டலம் இரண்டு. சாப்பாட்டுக்கு நான் எடுத்துப்போவது புளிச்சோறு. கெடாது, குளிர்ந்தாலும் ருசி போகாது, உப்பும் மாவுச்சத்தும் ஒன்றாகக் கிடைக்கும். கூடவே பேரீச்சம்பழம், கடலை மிட்டாய். சாக்லேட் நம் பக்கத்து வெயிலில் பையைத்தான் சாப்பிடும்.

தலையில் மாட்டும் டார்ச்லைட் ஆளுக்கொன்று. ஒரு மணி நேர நடை என்றாலும் எடுங்கள். கைபேசி விளக்கு இறக்கத்தில் உதவாது, ஒரு கை அதற்கே போய்விடும். மழைக்கோட்டு, விசில், மாற்றுக் காலுறை, கொப்புள ஒட்டு, கட்டுத்துணி. ஒரு நடைகோல் இருந்தால் முட்டிக்குப் பெரிய துணை, இறங்கும்போது அதைச் சற்று நீட்டிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்.

உடைக்கு ஒரு கணக்கு: ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும். தானா ராத்தாவில் நம் ஊரைவிட ஒன்பது பாகை குளிர். நடக்கும்போது தெரியாது, நனைந்து உட்கார்ந்தால் பல் கிட்டும். பருத்திச் சட்டை நனைந்தால் காயவே காயாது, விளையாட்டுச் சட்டை போதும்.

ஆறாம் படி: போய்ச் சேர்வது

இரவுப் பேருந்தில் ஏறினால் விடியலில் தானா ராத்தா. தூக்கம் வராதவர்கள் சேர்ந்த அன்றே மலை ஏறக் கூடாது. சொந்த வாகனம் என்றால் வாகன நுழைவு அனுமதியையும், சோதனைச்சாவடியைக் கடக்கும்போது தொட்டியில் முக்கால் பங்கு எரிபொருள் இருப்பதையும் உறுதிசெய்யுங்கள். சிங்கப்பூர்க் குடிமக்கள் அல்லாதவர்கள் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை, விசா விதிகளைக் கிளம்பும் வாரத்தில் குடிநுழைவுத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள். தாப்பாவிலிருந்து மேலே போகும் பழைய சாலை வளைவுக்கு மேல் வளைவு. வாந்தி வருபவர்கள் சிம்பாங் பூலாய் வழி. மழை அதிகம் கொட்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களைத் தவிருங்கள்.

ஏழாம் படி: கேமரனில் மூன்று நாள்

1885-இல் வில்லியம் கேமரன் அளந்து குறித்த இந்த மேட்டுநிலத்தில் காட்டுப் பாதைகளுக்கு எண்கள்தான் பெயர். மண்சரிவாலும் காய்கறித் தோட்டங்கள் விரிவதாலும் பாதை மாறும், மூடும். பழைய வரைபடத்தை நம்பாமல், தங்கும் விடுதியில் காலையில் கேளுங்கள்: "இன்னைக்கு எந்தப் பாதை திறந்திருக்கு?" தமிழிலேயே பதில் வரும்.

முதல் நாள் காலாற. ஊரை ஒட்டிய நான்காம் எண் பாதையில் பாரிட் அருவி, ஒன்பதாம் எண் பாதையில் ராபின்சன் அருவி. குளிக்க ஆசை வரும், தண்ணீரின் நிறத்தைப் பார்த்ததும் போய்விடும். மேலே இருக்கும் பண்ணைகளின் வண்டல் எல்லாம் இதில்தான் இறங்குகிறது.

இரண்டாம் நாள் குனோங் ஜாசார், பத்தாம் எண் பாதை. காலை ஏழரைக்குள் கிளம்புங்கள். இந்த மலையில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். தானா ராத்தாவில் தே தாரிக் ஆற்றிக் கொடுத்த அக்கா என்னிடம் சொன்னது: "தம்பி, பன்னெண்டுக்கெல்லாம் கீழ இருக்கணும். மழ வந்துட்டா பாத ஓடையா போயிரும்."

அவர் சொன்னதையே நான் விதியாக்கிக்கொண்டேன். கிளம்பும்போதே திரும்பும் நேரத்தைத் தீர்மானியுங்கள். கீழே இருக்க வேண்டிய நேரம் பன்னிரண்டு, உங்கள் லம்பாக் கணக்குப்படி இறங்க இரண்டு மணி நேரம் என்றால், பத்து மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். உச்சி ஐம்பது அடியில் தெரிந்தாலும் சரி. கைபேசியில் மணி அடிக்க வையுங்கள். குழுவில் ஆக மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள், இறங்கும்போது அவர் வேகமே எல்லாருடைய வேகம்.

கால் இன்னும் தெம்பாக இருப்பவர்கள் அடுத்த பயணத்தில் 1,800 மீட்டரைத் தாண்டும் குனோங் பெரெம்பானை வைத்துக்கொள்ளலாம். 2,110 மீட்டர் குனோங் ஈராவ் வேறு ரகம். பாசி போர்த்திய மரங்களும் தொடை வரை விழுங்கும் சேறும் உண்டு. அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகாதீர்கள்.

மூன்றாம் நாள் தொடை எப்படியும் முறுக்கிக்கொண்டிருக்கும். தேயிலைத் தோட்டத்துக்கு வாகனத்தில் போங்கள். 'போ' தோட்டம் 1929-இல் தொடங்கியது. அந்தச் சரிவுகளைக் காடழித்துப் பசுமையாக்கிய கைகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த கைகள் எத்தனையோ. இன்று கொழுந்து வெட்டுபவர்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளத்தவரும் அதிகம். நடைகோல் ஊன்றி இரண்டு மணி நேரத்தில் அலுத்துப்போன சரிவில், கூடை சுமந்து நாள் முழுக்க நின்றிருக்கிறார்கள். பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

வழி தவறினால், அட்டை கடித்தால்

தாய்லாந்துப் பட்டுக்குப் புகழ்பெற்ற ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தாவுக்கு அருகே தங்கியிருந்த பங்களாவிலிருந்து மதிய நடைக்குக் கிளம்பினார். யாரிடமும் சொல்லவில்லை. காவல்துறை, ராணுவம், ஓராங் அஸ்லி எனும் பூர்வகுடி வேட்டைக்காரர்கள் என்று எல்லாரும் தேடியும் ஒரு தடயம் கிடைக்கவில்லை. இன்றுவரை இல்லை.

விடுதியில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம். வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வையுங்கள். பாதை குழம்பினால் அங்கேயே நில்லுங்கள். கடைசியாகப் பாதை அடையாளம் பார்த்த இடத்துக்கு வந்த வழியே திரும்புங்கள். ஓடையைப் பிடித்துக் கீழே போனால் ஊர் வரும் என்ற பழைய யோசனை இங்கே ஆபத்து. ஓடை அருவியில் போய் முடியும். அவசர எண் 999. விசில் மூன்று ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி மூன்று.

அட்டைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. அதன் எச்சிலில் இருக்கும் ஒரு பொருள் ரத்தத்தை உறையவிடாது, அதனால் காயத்தைவிட ரத்தம் அதிகமாகத் தெரியும். பிடித்து இழுக்காமல், நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தினால் வாயை விட்டுவிடும். கழுவி, அழுத்திப் பிடித்து, ஒட்டுப் போடுங்கள்.

வீடு திரும்பியதும்

திங்கட்கிழமை எம்ஆர்டி படியில் பக்கவாட்டில் இறங்குவீர்கள். புதன்கிழமைக்குள் சரியாகிவிடும். முட்டி வீங்கியிருந்தாலோ ஒரு வாரத்துக்கு மேல் வலித்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

காலணியை அன்றிரவே கழுவுங்கள். உள்ளடியை உருவித் தனியாக வைத்து, பழைய தமிழ் முரசைக் கசக்கி உள்ளே திணியுங்கள். காலையில் ஈரத்தாளை எடுத்துவிட்டு வேறு தாள். வெயிலில் வேண்டாம், தாழ்வாரத்துக் காற்று போதும். நன்றாகக் காய்ந்த பிறகும் பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறையாவது அதைப் போட்டுக்கொண்டு புளோக் படியில் இறங்குங்கள்.